தங்கை காத்திருக்கிறாள்: குர்னாவின் ‘ஆஃப்டர்லைவ்ஸ்’ நாவலை முன்வைத்து

நைரோபி நகரின் நடுவே, கென்யாட்டா அவென்யூவில், மூன்று வெண்கல ஆண்கள் நிற்கிறார்கள். ஒருவர் சீருடை அணிந்த ஆப்பிரிக்கச் சிப்பாய். இன்னொருவர் துப்பாக்கி ஏந்திய அரபு வீரர். மூன்றாமவர் சுமைகூலி. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் உயிரிழந்தவர்களின் நினைவாக 1920களில் எழுப்பப்பட்டது அந்தச் சின்னம். பீடத்தில் உள்ள வாசகம் ரட்யார்ட் கிப்ளிங் எழுதியது. நாட்டுக்காகப் போரிட்டு மடிந்தாலும் உங்கள் மகன்கள் உங்கள் பெயரை நினைத்திருப்பார்கள் என்பது அதன் சாரம். எந்த நாட்டுக்காக என்ற கேள்வியை அந்த மண்ணின் வரலாற்றாசிரியர்கள் கேட்டுவிட்டார்கள். எனக்கு அதே வாசகத்தின் இன்னொரு சொல்லில் கால் இடறுகிறது. ஏன் மகன்கள்? போருக்குப் போனவனின் பெயரை வீட்டுக்குள் அன்றாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் யார்? அடுப்படியில், கிணற்றடியில், இரவில் பாயை விரிக்கும்போது அந்தப் பெயரைச் சொன்னவர்களுக்கு அந்தப் பீடத்தில் இடமில்லை.

அப்துல்ரசாக் குர்னா 2020இல் வெளியிட்ட ‘ஆஃப்டர்லைவ்ஸ்’ நாவலை இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சான்சிபாரில் 1948இல் பிறந்து, இளம் வயதில் இங்கிலாந்துக்குப் போய், அங்கேயே ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். இந்த நாவல் வந்த மறு ஆண்டு நோபல் பரிசு பெற்றார். ‘பின்வாழ்வுகள்’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். போருக்குப் பின் வாழ்ந்தவர்களின் கதை. போர் முடிந்த பின்னும் போரே சிலருக்குள் வாழ்ந்த கதை என்றும் அந்தத் தலைப்பைப் படிக்கலாம்.

எந்தப் போர் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் முதல் உலகப் போர் என்றதும் பதுங்குகுழியும் பிரான்சும்தான் வரும். அன்று ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா எனப்பட்ட நிலப்பரப்பில், அதாவது இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதி, ருவாண்டா, புருண்டி ஆகியவற்றில், 1914 ஆகஸ்டில் தொடங்கிய சண்டை 1918 நவம்பர் 25 வரை நீடித்தது. ஐரோப்பாவில் நவம்பர் 11 அன்றே போர் ஓய்ந்துவிட்டது. ஜெர்மன் தளபதி லெட்டோ ஃபோர்பெக் சரணடைய மேலும் இரண்டு வாரங்கள் ஆயின. அதுவரை மொசாம்பிக், வடக்கு ரொடீசியா என்று படையை இழுத்துக்கொண்டு அலைந்தார். ‘தோற்கடிக்கப்படாத தளபதி’ என்ற புகழோடு ஜெர்மனிக்குத் திரும்பினார். சிறுவர்களுக்காகவும் வீரசாகசப் புத்தகம் எழுதினார்.

அந்தச் சாகசத்தைத் தலையில் சுமந்தவர்கள் வேறு. செட்சே ஈ கடித்தால் குதிரையும் கழுதையும் மாடும் பிழைக்காது. ஆகவே தோட்டா, அரிசி, கூடாரம், அதிகாரியின் மடக்குக் கட்டில் வரை எல்லாவற்றையும் மனிதர்களே சுமந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பு மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் சுமைகூலிகளைத் திரட்டியது. அவர்களில் 95,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கியல்ல. வயிற்றுப்போக்கு, மலேரியா, பட்டினி. ஜெர்மன் தரப்பு ஊர் ஊராகப் பிடித்துச் சென்றவர்களுக்குக் கணக்கே எழுதப்படவில்லை. இரண்டு படைகளும் போன வழியெல்லாம் தானியத்தைப் பறித்தன, ஆண்களை இழுத்துச் சென்றன, விதைக்கக் கையில்லாமல் வயல் கிடந்தது. பஞ்சத்தாலும் நோயாலும் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் மட்டும் இறந்த பொதுமக்கள் சுமார் 3 லட்சம் என்று வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இன்று தார் எஸ் சலாமில் கரியாக்கூ என்றொரு பெரிய சந்தை இருக்கிறது. சுமைகூலிப் படையைக் குறிக்கும் ‘கேரியர் கோர்’ என்ற ஆங்கிலப் பெயர் மருவி வந்த ஊர்ப்பெயர் அது. காய்கறி வாங்கப் போகிறவர்களின் வாயில் அந்தப் போர் அப்படி மிச்சமிருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. 1914 நவம்பர் தொடக்கத்தில் தாங்கா துறைமுகத்தைப் பிடிக்க பம்பாயிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட சுமார் 8,000 பேர் கொண்ட இந்தியப் படையில் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படையும் இருந்தது. கப்பலில் வாரக்கணக்கில் அடைபட்டு, அறியாத கரையில் இறங்கி, எண்ணிக்கையில் தங்களைவிடப் பல மடங்கு சிறிய படையிடம் தோற்றார்கள். நடுவில் தேனீக்கள் வேறு கொட்டித் தீர்த்தன. தோல்விக்குப் பின் எழுதப்பட்ட ஆங்கிலக் குறிப்புகளில் இவர்கள் ‘ஓடியவர்கள்’. திட்டமிட்ட தளபதியின் அறியாமையைவிட மதராசி சிப்பாயின் கால்கள்தான் அந்தப் பக்கங்களில் அதிகம் பேசப்படுகின்றன.

ஆங்கிலப் புனைவுலகம் இந்தப் போரை அறியாததல்ல. ஹம்ஃப்ரி போகார்ட்டும் காதரின் ஹெப்பர்னும் படகில் போகும் ‘ஆப்ரிக்கன் குவீன்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது நடப்பது இந்தப் போரில்தான். தொடக்கத்திலேயே ஜெர்மன் சிப்பாய்கள் ஒரு கிராமத்தைக் கொளுத்தி, ஊர்மக்களை ஓட்டிச் செல்கிறார்கள். அதன்பின் அந்த மக்களைப் பற்றிப் படத்துக்குக் கவலையில்லை. துணிச்சலான ஒரு வெள்ளைப் பெண்ணைத் திரையில் பார்த்து நாம் மகிழ்வதற்கு அந்த ஊர் எரிய வேண்டியிருந்தது. வில்லியம் பாய்டின் ‘ஆன் ஐஸ்க்ரீம் வார்’ (1982) இந்தப் போரின் அபத்தத்தைக் கிண்டலோடு சொன்ன நல்ல நாவல். ஆனால் அதன் மையத்தில் இருப்பவர்களும் வெள்ளையர்களே.

குர்னா கதையை ஒரு கடற்கரை ஊரின் வீட்டிலிருந்து தொடங்குகிறார். கலீஃபா, குஜராத்தி அப்பாவுக்கும் ஆப்பிரிக்க அம்மாவுக்கும் பிறந்தவன், ஒரு வணிகரிடம் கணக்கெழுதுபவன். அவன் மனைவி ஆஷா, அந்த வணிகரின் உறவுப்பெண். அந்த ஊருக்கு ஜெர்மன் மொழி சரளமாகப் பேசும் இளைஞன் இல்யாஸ் வந்து சேர்கிறான். சிறுவனாக வீட்டைவிட்டு ஓடியபோது ஜெர்மன் படையின் உள்ளூர்ச் சிப்பாய் ஒருவனால், அஸ்காரி என்பார்கள், தூக்கிச் செல்லப்பட்டவன். பிறகு ஒரு ஜெர்மன் பண்ணையாரின் ஆதரவில் மிஷன் பள்ளியில் படித்தவன். கலீஃபாவின் வற்புறுத்தலில் சொந்த ஊருக்குப் போய்ப் பார்க்கிறான். பெற்றோர் இறந்துவிட்டார்கள். தான் அறிந்தேயிராத ஒரு தங்கை, அஃபியா, பிறர் வீட்டில் சோற்றுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறாள். அவளை அழைத்து வருகிறான், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறான். போர் வருகிறது. இல்யாஸ் ஜெர்மானியருக்காகச் சண்டையிடத் தானே முன்வந்து போய்விடுகிறான். தங்கை பழைய வீட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகிறாள்.

இங்கே ஒரு காட்சி. நாவலில் போர்க்களம் வருவதற்கு முன்பே நடக்கும் வன்முறை இது. அஃபியாவுக்கு எழுதத் தெரியும் என்பதை அந்த வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுகிறார். ஒரு பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு, ஆண்களுக்குச் சீட்டு அனுப்பவா என்பது அவருடைய கேள்வி. (இந்தக் கேள்வியை மொழிபெயர்க்க நமக்கு அகராதி தேவையில்லை.) அவர் அடித்த அடியில் அவளுடைய கை உடைகிறது. எந்த உறுப்பு எழுதியதோ அந்த உறுப்பு. அதன் பிறகு அவள் செய்வது என்ன? எழுதுகிறாள். அண்ணன் போகும் முன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்: ஆபத்தென்றால் கலீஃபாவுக்கு எழுது. என்னைக் காயப்படுத்திவிட்டார், உதவுங்கள் என்ற பொருளில் சில சொற்களே உள்ள ஒரு சீட்டு கைமாறிக் கைமாறிக் கலீஃபாவிடம் சேர்கிறது. அவன் வந்து அவளை அழைத்துப் போகிறான்.

நாவல் முழுக்க ஆவணங்களும் கடிதங்களும் புத்தகங்களும் நிறைந்திருக்கின்றன. கடன் பத்திரங்கள், படைக் கட்டளைகள், பின்னால் ஜெர்மனியின் ஆவணக் காப்பகம். இவற்றில் எழுதியவளுக்கு விடுதலை தந்த ஒரே எழுத்து அஃபியாவின் சீட்டுதான். இதை வெறும் உருக்கமான நிகழ்ச்சியாகப் படித்துக் கடந்துவிடக் கூடாது. குர்னா மூன்று விதமான கல்விகளை அடுத்தடுத்து வைக்கிறார். யார் யாரிடமிருந்து எழுத்தைப் பெற்றார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்த நாவலின் முதுகெலும்பு.

முதல் கல்வி இல்யாஸுடையது. ஜெர்மானியர்கள் தனக்கு நல்லது செய்தார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. 1905 முதல் 1907 வரை நடந்த மாஜி மாஜி எழுச்சியை அவர்கள் ஊர்களை எரித்தும் தானியத்தை அழித்தும் அடக்கியதை மற்றவர்கள் திண்ணையில் பேசும்போது அவனுக்குக் கோபம் வருகிறது. தனக்குக் கிடைத்த தனிப்பட்ட கருணையை அவன் ஒரு முழு ஆட்சியின் குணமாக எடுத்துக்கொள்கிறான். அந்த நன்றிக்கடன் அவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும்.

இரண்டாவது கல்வி ஹம்சாவுடையது. தகப்பனின் கடனுக்காக வணிகரிடம் அடகு வைக்கப்பட்டவன். அந்த அடிமைத்தனத்திலிருந்து தப்பிக்கப் படையில் சேர்கிறான். அங்கே ஒரு ஜெர்மன் அதிகாரி அவனைத் தன் சொந்தப் பணியாளாக வைத்துக்கொண்டு, ஜெர்மன் கற்றுக்கொடுக்கிறார். ஷில்லரைப் படிக்கும் அளவுக்கு உன்னை ஆக்கிக் காட்டுகிறேன் என்பது அவருடைய விளையாட்டு. படுக்கை தட்டிப் போடுவதும் காப்பி கொண்டுவருவதும் பாடம் படிப்பதும் ஒரே அறையில் நடக்கின்றன. அந்தப் பார்வையில், அந்தத் தொடுதலில் இருக்கும் உரிமையை ஹம்சா உணர்கிறான், அதற்குப் பெயர் வைக்க முடியாமல் கூசுகிறான். காலனிய வீடுகளில் பணிப்பெண்கள் நின்ற இடத்தில் குர்னா ஓர் இளைஞனை நிறுத்தியிருக்கிறார். மற்ற சிப்பாய்கள் அவனைக் கேலி செய்கிறார்கள். பொறாமையும் வெறுப்பும் கொண்ட இன்னொரு ஜெர்மானியன் கடைசியில் வாளால் அவன் உடலைக் கிழித்துவிடுகிறான். வாழ்நாள் முழுக்க நொண்டி நடக்கிறான் ஹம்சா. ஷில்லரோடு வந்த ஊனம் அது.

இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அஃபியா கற்ற எழுத்தின் தன்மை புரியும். எஜமானின் மொழியிலல்ல, சொந்த கிஸ்வாஹிலியில் அண்ணன் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தது. யாரையும் பூஜிக்கச் சொல்லாத கல்வி. அவளும் அதற்கு விலை கொடுத்தாள், உடைந்த கையாக. ஆனால் எழுத்து அவளுக்கு யாருடைய விளையாட்டுமல்ல. பின்னால் ஹம்சா அதே ஊருக்கு வந்து, கலீஃபாவின் வீட்டுச் சாமான் அறையில் தங்கி, அஃபியாவை நேசிக்கத் தொடங்கும்போது, ஷில்லரின் ஒரு கவிதையை கிஸ்வாஹிலியில் ஆக்கி அவளுக்குத் தருகிறான். அதிகாரியின் படுக்கையறையில் கற்ற மொழி ஒரு பெண்ணின் கையில் காதல் கடிதமாகச் சேர்கிறது. அந்தப் புத்தகத்துக்கு அதைவிட நல்ல முடிவு எனக்குத் தோன்றவில்லை. அவன் அறைக்குத் தேடிப் போகிறவளும் அஃபியாதான். அவள் வேட்கையைக் குர்னா சமாதானம் சொல்லாமல், தண்டிக்காமல் எழுதியிருக்கிறார்.

இனி காத்திருப்பு. சங்க இலக்கியம் படிக்கும் மாணவியருக்கு முல்லை என்றதும் இருத்தல் என்று சொல்லத் தெரியும். தலைவன் வினைமேல் சென்றிருக்கிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள், கார்காலம் வந்துவிட்டது. போருக்கு வீட்டுக்குள் ஒரு முகம் உண்டு என்று நம் கவிதை மரபு இலக்கணமே வகுத்துவைத்திருக்கிறது. அது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த இலக்கணத்தில் காத்திருக்க உரிமை பெற்றவள் தலைவி. புறத்துக்கு வந்தால் தாய்க்கு இடமுண்டு: மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டு, அவன் பாலுண்ட மார்பை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகும் முதியவள், சிதைந்து கிடக்கும் அவன் உடலைக் கண்டு ஈன்ற நாளைவிட மகிழும் புறநானூற்றுத் தாய். தங்கை? அண்ணனுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தங்கைக்கு என்ன திணை, என்ன துறை? அந்த உறவில் காதலின் அழகும் இல்லை, மறக்குடித் தாயின் பெருமிதமும் இல்லை. அவன் திரும்பி வந்தால் பரிசு எதுவும் கிடைக்கப்போவதில்லை. அவள் கேட்பதெல்லாம் அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதுதான். அரசாங்கம் மாறுகிறது, ஜெர்மன் போய் ஆங்கிலம் வருகிறது, கேட்க வேண்டிய அலுவலகம் எது என்றுகூடத் தெரியவில்லை. இறந்தான் என்று அழவும் முடியாத, இருக்கிறான் என்று நம்பவும் முடியாத நிலை அது. காணாமல் போனவர்களின் படத்தை ஏந்தி ஈழத்தில் தெருவில் அமர்ந்திருக்கும் தாய்மாரையும் சகோதரிகளையும் பார்த்திருக்கும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அஃபியா தன் மகனுக்கு இல்யாஸ் என்று பெயர் வைக்கிறாள். அந்தப் பெயரோடு காத்திருப்பும் அவனுக்கு வந்து சேர்கிறது. சிறுவன் தனக்குள் பேசத் தொடங்குகிறான். அவன் வாய் வழியாக வருவது ஒரு பெண்ணின் குரல். இல்யாஸ் எங்கே என்று கேட்கும் குரல். நோய் தீர்க்க வரும் பெண் வைத்தியர், பையனைப் பிடித்திருப்பது ஒரு பெண் ஆவி என்கிறார். தொலைந்தவனைப் பற்றிய சேதி தெரியாமல் அது போகாது. இந்தப் பகுதியைச் சில வாசகர்கள் நாவலின் யதார்த்தத்துக்குப் பொருந்தாத ஒட்டுவேலை என்று நினைக்கலாம். எனக்கு இதுதான் நாவலின் உச்சம். அஃபியா யாரிடமும் உரக்கக் கேட்காமல் விழுங்கிய கேள்வி, அவள் வயிற்றில் பிறந்தவனின் தொண்டையிலிருந்து வெளியே வருகிறது. சாமியாட்டத்திலும் பேய்பிடித்தலிலும் பெண்கள் சொல்ல முடியாததைச் சொல்லிக்கொண்ட மரபு நமக்குப் பழக்கமானது. இங்கே ஆடுவது மகன், பேசுவது பெண். போர்நினைவுச் சின்னம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஆஷாவைப் பற்றிப் பேசாமல் அஃபியாவைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமல்ல. பீ ஆஷா என்று மரியாதையாக அழைக்கப்படும் இந்தப் பெண் கடுகடுப்பானவள். தொழுகையில் கண்டிப்பு, சொல்லில் நஞ்சு. வளர்ந்துவரும் அஃபியாவைக் கணவன் இரண்டாம் தாரமாக்கிக்கொள்வானோ என்று சந்தேகப்படுகிறாள். முதல் வாசிப்பில் அவளைச் சலித்துக்கொண்டுதான் நாம் கடப்போம். அவள் வாழும் வீட்டின் கதையைக் கவனியுங்கள். அவளுடைய அப்பாவின் வீடு அது. கடனை அடைத்த வணிகர், அதாவது அவளுடைய உறவினர், வீட்டைத் தன் பெயரில் வைத்துக்கொண்டார். அவளுக்குத் திருமணம் செய்து கொடுத்து, வாழ மட்டும் அனுமதித்தார். அவர் இறந்ததும் பத்திரப்படி வீடு அவருடைய மகனுக்குப் போகிறது. சொந்த வீட்டில் அவள் குடியிருப்பவள் மட்டுமே. ஆளும் பேரரசுகள் மாறும் காலத்தில் அவளிடமிருந்து பறிக்கப்பட்டதைப் பறித்தவர்கள் ஐரோப்பியர்கள் அல்ல. இதைக் குர்னா மறைக்கவில்லை. காலனியத்தை எதிர்த்து எழுதும்போது வீட்டுக்குள் இருக்கும் சுரண்டலைப் பேசினால் எதிரிக்கு வாய்ப்பளித்ததாகும் என்ற அச்சம் நம் எழுத்தாளர்கள் பலரிடம் உண்டு. அந்த அச்சம் இந்த நாவலில் இல்லை. அஃபியாவின் கையை உடைத்ததும் ஒரு ஜெர்மானியன் அல்ல. கடைசியில் நோயில் கிடக்கும் ஆஷாவுக்குப் பணிவிடை செய்பவள் அஃபியாதான். இருவருக்கும் நடுவே பெரிய சமரசக் காட்சி எதுவும் வைக்காமல் விட்டது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகு என் குறைகளையும் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் காலனியப் படை நகரும்போது அது படை மட்டுமல்ல, ஓர் ஊரே நகர்வது. அஸ்காரிகளின் மனைவியர், குழந்தைகள், பிடித்துவரப்பட்ட பெண்கள், சுமைகூலிகள் என்று பின்னால் நீளமான வரிசை வரும். சமைப்பது, தண்ணீர் கொண்டுவருவது, காயத்தைக் கழுவுவது, மூட்டையைச் சுமப்பது அந்தப் பெண்கள்தான். மிஷெல் மொய்ட் என்ற வரலாற்றாசிரியர் அஸ்காரிகளைப் பற்றி 2014இல் எழுதிய ‘வயலன்ட் இன்டர்மீடியரீஸ்’ என்ற நூலில் இந்தக் குடும்பங்களுக்கு முக்கியமான இடம் தந்திருக்கிறார். பெண்களின் உழைப்பு இல்லாமல் அந்தப் படை இயங்கியே இருக்காது. குர்னாவுக்கும் இது தெரியும். அணிவகுப்பை விவரிக்கும் பக்கங்களில் அந்தப் பெண்களைக் காட்டுகிறார். ஆனால் காட்டுவதோடு சரி. அவர்களில் ஒருத்தியும் பெயரோடும் குரலோடும் நம் மனதில் தங்கவில்லை. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையை விவரிக்கும் நப்பூதனார், இடையில் குறுவாள் கட்டிய இளம்பெண்கள் இரவில் விளக்கேற்றுவதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். யார் அவர்கள், எங்கிருந்து வந்தார்கள், போர் முடிந்தபின் எங்கே போனார்கள் என்று வகுப்பில் யாராவது ஒரு மாணவி கேட்பாள். இத்தனை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட, பெண்களின் மீது இவ்வளவு கரிசனமுள்ள ஒரு நாவலிலும் பாசறைப் பெண்கள் விளக்கேற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வீட்டில் இருந்தவளுக்குக் கிடைத்த இடம் படையோடு நடந்தவளுக்குக் கிடைக்கவில்லை. ‘நல்ல பெண்’ எங்கே இருப்பாள் என்ற பழைய கணக்கு இங்கே எங்கோ வேலை செய்கிறதோ என்று எனக்கு ஐயம்.

இன்னொரு குறை முடிவைப் பற்றியது. கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

1960களில் மகன் இல்யாஸ் ஒலிபரப்புப் பயிற்சிக்காக மேற்கு ஜெர்மனியின் பான் நகருக்குப் போகிறான். அங்கே ஆவணங்களைத் தேடித் தன் மாமனின் கதையைக் கண்டுபிடிக்கிறான். போருக்குப் பின் மாமன் ஜெர்மனிக்கே போயிருக்கிறான், மேடைகளில் பாடியிருக்கிறான், இழந்த காலனிகளைத் திரும்பக் கேட்ட நாஜி ஊர்வலங்களில் பழைய படைக்கொடியை ஏந்தி நடந்திருக்கிறான். ஒரு ஜெர்மன் பெண்ணோடு கொண்ட உறவுக்காக இனத்தூய்மைச் சட்டத்தின் கீழ் கைதாகி, சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் 1942இல் இறந்திருக்கிறான். பாயூமே முகமது ஹுசேன் என்ற மனிதரின் வாழ்க்கையை இது நினைவூட்டுகிறது. சிறுவனாக ஜெர்மன் படையில் இருந்து, பெர்லினில் கிஸ்வாஹிலி கற்பித்து, நாஜி காலப் படங்களில் நடித்து, அதே முகாமில் 1944இல் இறந்தவர் அவர். குர்னா கடைசிப் பக்கங்களில் நடையை அப்படியே மாற்றிவிடுகிறார். வீட்டுக்குள் மெல்ல நகர்ந்த கதை, கோப்பு வாசிப்பது போல விரைகிறது. பலர் இதை அவசரம் என்கிறார்கள். எனக்கு அந்த வேகம் பிடித்திருக்கிறது. ஒரு மனிதனின் வாழ்க்கை கோப்பில் அத்தனை சிறியதாகத்தான் இருக்கும்.

என் குறை வேறு. அரை நூற்றாண்டாகக் கேட்டவள் அஃபியா. தேடிப் போகிறவன் மகன், ஓர் அரசு உதவித்தொகையில். அது காலத்தின் யதார்த்தம் என்று ஏற்கலாம். பதில் கிடைத்ததும் அவன் பெற்றோரிடம் சொல்கிறான். மாமனை அந்த முகாமுக்குள்ளும் தனியாக விடாமல், தானாகப் பின்தொடர்ந்து போகும் அளவுக்கு ஒருவன் நேசித்திருக்கிறான் என்று சொல்கிறான். அந்த ஒருவன், மாமனின் மகன். நாவல் மகனின் அந்தச் சொற்களோடு முடிந்துவிடுகிறது. அம்மா என்ன சொன்னாள்? அழுதாளா? கொடியைத் தூக்கி நடந்தான் என்று கேட்டபோது கோபப்பட்டாளா? தன்னைப் பழைய வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டுப் போன அண்ணனை அப்போதாவது திட்டினாளா? ஒரு வரிகூட இல்லை.

அந்த மௌனம் வேண்டுமென்றே விடப்பட்டது, வாசகர் நிரப்பிக்கொள்வதற்காக, என்று வாதிடலாம். குர்னாவைப் போன்ற நுட்பமான எழுத்தாளருக்கு அந்த வாதத்தைத் தருவதில் தவறில்லை. எனினும் நான் இணங்கவில்லை. உடைந்த கையோடு எழுதியவள் அவள். அந்தச் சீட்டு இல்லையென்றால் கலீஃபாவின் வீட்டுக்கு அவள் வந்திருக்கமாட்டாள், ஹம்சாவைச் சந்தித்திருக்கமாட்டாள், தேடிப்போக ஒரு மகனும் இருந்திருக்கமாட்டான். கிப்ளிங்கின் பீடத்திலிருந்து பெயரை நினைத்திருக்கும் வேலையைப் பிடுங்கி ஒரு தங்கையிடம் கொடுத்துவிட்டு, இருநூறு பக்கங்களுக்கு மேல் அதை அவளிடமே வைத்திருந்த நாவல், கடைசிப் பக்கத்தில் இரண்டு மகன்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது: முகாமுக்குள் போன மகன், அதைக் கண்டுபிடித்துச் சொன்ன மகன். சென்ற பருவத்தில் இந்த நாவலைப் பற்றி மாணவியரோடு பேசியபோது, அஃபியா அந்தச் செய்தியைக் கேட்டபின் யாருக்காவது ஒரு சீட்டு எழுதினால் என்ன எழுதுவாள் என்று கேட்டேன். பெரும்பாலோர் அண்ணனுக்கு எழுதினார்கள். ஒருத்தி மட்டும் அண்ணனோடு வாழ்ந்த அந்த ஜெர்மன் பெண்ணுக்கு எழுதியிருந்தாள். அவன் கடைசிவரை கிஸ்வாஹிலியில் கனவு கண்டானா என்று கேட்டு.